ஒன்றும் வளராத தட்டுகள்

கிளை ஆய்வகம்,
ஜூன் 14

இரண்டாம் அறுவை அரங்கின் தலைமைச் செவிலியர் அவர்களுக்கு,

தங்கள் மீது எனக்குள்ள குறைகளைத் தேதிவாரியாகக் கீழே தருகிறேன்.

1. மே 11. மூட்டு அறுவை ஒன்று நடந்துகொண்டிருந்தபோது, முன் அனுமதி பெற்று, அரங்கின் காற்றில் மாதிரி எடுக்க வந்தேன். நான் வெளியேறிய மறுகணம், நான் நின்றிருந்த இடத்தைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்கச் சொன்னீர்கள். கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை. எனக்குக் கேட்டது.

2. மே 18. அந்தக் காற்றில் பூஞ்சை இருக்கக்கூடிய அளவைத் தாண்டியிருக்கிறது, அரங்கை மூட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். அதன் ஓரத்தில் 'கருவிக் கோளாறாக இருக்கலாம்' என்று பென்சிலால் எழுதினீர்கள். பேனாவை எடுக்கும் அளவுக்குக்கூட அது தகுதியுடையதாகத் தங்களுக்குப் படவில்லை.

3. மே 25. கருவியைக் கிளை ஆய்வகத்துக்கும், கருவியோடு என்னையும் அனுப்புவதாக நிர்வாக அதிகாரி கூட்டத்தில் அறிவித்தார். தாங்கள் எனக்கு நேர் எதிரே அமர்ந்து, தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

4. ஜூன் 7, ஞாயிறு. ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர்கூட உடனில்லாமல், தாங்களே வளர்ப்புத் தட்டுகளை வைத்து மறுபரிசோதனை செய்தீர்கள்.

5. ஜூன் 11. எந்தத் தட்டிலும் எதுவும் வளரவில்லை என்று கையெழுத்திட்டீர்கள். மறுபரிசோதனைக்காக மூடியிருந்த அரங்கு திறக்கப்பட்டது.

6. ஜூன் 13. அதே அரங்கில், அதே மேசையில், இந்த மாதம் முப்பதாம் தேதி என் மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கள் கணவருக்கு, இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள் என்பதை மாதிரிப் பெட்டி கொண்டுவரும் வண்டியின் ஓட்டுநர் மூலம் அறிந்தேன். "என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க வீட்டு சமாச்சாரம்தானே?" என்றார் அவர். நான் கையொப்பமிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

மற்றவற்றை விடுங்கள். ஐந்தாவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஒரு தட்டு என்பது என்ன என்று தங்களுக்குத் தெரியும். கிருமிக்குப் பிடித்த உணவைக் கூழாக்கி, ஆறவைத்து, மூடி திறந்து அறையில் வைக்கிறோம். காற்றில் மிதப்பது அதன் மேல் இறங்குகிறது. பிறகு இதமான சூட்டில் வைத்தால், இறங்கிய ஒவ்வொன்றும் பெருகி, கண்ணுக்குத் தெரியும் ஒரு திட்டாகிறது. திட்டுகளை எண்ணினால் காற்று எப்படிப்பட்டது என்று தெரியும். உலகின் மிகச் சிறந்த அரங்கிலும் ஒன்றிரண்டு திட்டு வரும். தட்டை வைக்கப் போகிறவரின் தோலிலிருந்தே உதிரும். ஆனால் தாங்கள் வைத்த தட்டுகள் எல்லாமே பளிங்குபோல் இருந்தனவாம். சர்க்கரையை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தும் ஒரு எறும்பு வரவில்லை என்று கடைக்காரர் பெருமைப்பட்டால், நான் எறும்பைச் சந்தேகிக்க மாட்டேன். சர்க்கரையைத்தான் சந்தேகிப்பேன்.

ஆகவே, அந்தத் தட்டுகளின் மூடி திறக்கப்படவே இல்லை, அல்லது அவை அரங்குக்குள்ளேயே போகவில்லை. இரண்டில் எது என்று தங்களுக்குத் தெரியும். இதற்கு நாகரிகமான சொல்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. பொய் என்றே எழுதுகிறேன்.

இந்த அரங்கிலிருந்து போன இருவரின் புண் ஆறவில்லை. முழங்கால் மாற்றிக்கொண்ட ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு, வைத்த உலோக மூட்டை மறுபடி பிடுங்கி எடுத்தார்கள். அவர் இப்போது கடையில் உட்கார்ந்தபடியே மாவு பிசைகிறார். மற்றவர் இன்னும் கட்டிலில் எழுந்து உட்காரவும் இல்லை. மூன்றாவது ஆளாக என் மாப்பிள்ளையின் பெயரை அரங்கின் அறுவைப் பட்டியல் பலகையில் எழுதியிருப்பது யார் என்பதையும் ஓட்டுநர் சொன்னார். எழுத்து தங்களுடையதாம்.

தாங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. எழுத்தில் பதில் தேவை.

தங்கள்,
ஆய்வகப் பொறுப்பாளர்

~

ஜூன் 17

அண்ணா,

ஐஸ் பெட்டியில், சிறுநீர்ப் புட்டிகளுக்கு நடுவில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. வெளியே எவ்வளவு ஜில்லென்று இருந்ததோ, உள்ளேயும் அவ்வளவே. ஓட்டுநர் பயபக்தியோடு நீட்டி, "சிஸ்டர், இதை ஃபிரிட்ஜ்ல வெக்கணுமா, வெளியிலயே வெக்கலாமா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். 'தாங்கள்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். ஐம்பது வயதில் எனக்கு இப்படி ஒரு மரியாதை! இந்த ஆஸ்பத்திரியில் நான் எல்லோருக்கும் சிஸ்டர். உங்களுக்கு ஒருவருக்குத்தான் நிஜத் தங்கை. அந்த ஒருவரும் என்னைப் பதவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று.

சரி, வரிசையாகவே வருகிறேன்.

துடைக்கச் சொன்னது உண்மை. யார் வந்து போனாலும் துடைப்போம். பெரிய டாக்டர் போனாலும் துடைப்போம். உங்கள் இடத்தை மட்டும் விட்டிருந்தால்தான் அவமானம். பென்சில் விஷயம்: அரங்குக்குள் பேனா கொண்டு போக மாட்டேன், மை கசியும். என் சட்டைப்பையில் இருபது வருஷமாகப் பென்சில்தான் இருக்கிறது. இவ்வளவு படித்த உங்களுக்கு அதில் ஒரு திமிர் தெரிந்திருக்கிறது பாருங்கள். தண்ணீர்த் தம்ளர்: உங்களைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. நிர்வாக அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான், உங்களுக்குத் தெரியும். உங்களை அனுப்பும் உத்தரவைப் படிக்கும்போதும் சிரித்தார்.

இனி, பொய்.

நான் பொய் சொல்கிறவளா அண்ணா? சின்ன வயதில் ஜாடியை உடைத்தது நீங்கள். ஒப்புக்கொண்டு அடி வாங்கியது நான். அதுதான் நான் சொன்ன ஒரே பொய்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே அரங்கைக் கழுவிப் புகை போட்டாயிற்று. குளித்துவிட்டு, புது அங்கி, புது உறை. நீங்கள் எழுதி, எல்லா வார்டிலும் ஒட்டி வைத்திருக்கிறீர்களே ஒரு அறிவுரைத் தாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்துச் செய்தேன். மூலைக்கு ஒன்று, மேசையைச் சுற்றி ஐந்து. அறை காலியாக இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது, ஒரு மணி நேரம். எல்லாம் உங்கள் வார்த்தைகள். மூடிகளை நானே திறந்தேன். கதவைச் சாத்தி, நீல விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே நாற்காலி போட்டு நானே காவல் உட்கார்ந்தேன். ஈ, எறும்பு, நிர்வாக அதிகாரி, ஒன்றும் உள்ளே போகவில்லை. பிறகு நானே மூடி, நானே தூக்கிக்கொண்டு போய் ஆய்வகத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். இதைவிட ஒழுங்காக யார் செய்திருப்பார்கள்? நீங்கள் செய்திருப்பீர்களா?

பலகையில் பெயர் எழுதியது நான்தான். என் அரங்கு அழுகிப் போயிருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். வராந்தாவில் என்னைப் பார்த்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் வேறு எப்படிப் பதில் சொல்ல? என் வீட்டு மனுஷரையே அந்த மேசையில் படுக்க வைக்கிறேன், போதுமா என்று கேட்டேன். எல்லோருடைய வாயும் அடைத்துப் போனது.

அவருக்கும் இனித் தாங்காது. காலுறை போட்டுக்கொள்ளக் குனிய முடியவில்லை. நின்றபடி சாப்பிடுகிறார். காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த கால், இப்போது கட்டிலிலிருந்து குளியலறை வரை போய்வர அரை நாள் ஆகிறது. உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். "நான் தரையை அளந்தேன், மச்சான் காத்தை அளக்குறார். எல்லைக்கல்லை மட்டும் எங்க நடுவாருன்னு கேட்டு எழுது" என்றார்.

கேட்டு எழுதிவிட்டேன்.

தங்கை

~

ஜூன் 18

தங்கைக்கு,

ஜாடியைப் பற்றிய பகுதியைத் தவிர உன் கடிதம் முழுவதையும் கவனமாகப் படித்தேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் பலமுறை படித்தேன். கதவைச் சாத்தினாய். நீல விளக்கைப் போட்டாய்.

அந்த விளக்கு எதற்காக அங்கே இருக்கிறது? அரங்கு காலியாகும்போதெல்லாம் அதைப் போடுவது உன் விதி. அதன் ஒளி பட்ட கிருமி செத்துப்போகும். பூஞ்சையின் வித்து சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மேசைக்கு நேர் மேலே எரியும் விளக்கில் ஒரு மணி நேரம் என்றால் அதுவும் மிஞ்சாது. தட்டின் உணவும் கெட்டுப்போகும். காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தட்டைத் திறந்து வைத்தாய். அதில் இறங்கியதையெல்லாம் இறங்க இறங்கக் கொன்றாய். வலையை விரித்து, அதன் கீழேயே அடுப்பையும் மூட்டியிருக்கிறாய். மீன் இல்லாத குளம் என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறாய்.

பொய் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அதனால் எனக்கு ஆறுதல் ஏதும் இல்லை. நீ பொய் சொல்லியிருந்தால், அரங்கின் உண்மை நிலை உனக்காவது தெரிந்திருக்கும். இப்போது யாருக்கும் தெரியாது.

அறை காலியாக இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பது என் தாள். காலியாகிக் கதவு சாத்திய அறையில் விளக்கு எரிய வேண்டும் என்பது உன் விதி. நீ இரண்டுக்கும் கீழ்ப்படிந்தாய். ஆய்வகத்தில் தட்டைத் தொட்டுப் பழகிய எவரும் அந்த விளக்கின் கீழ் அதைத் திறக்க மாட்டார்கள் என்பதால், அதைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதிச் சேர்த்துவிட்டேன். ஆய்வகத்தார் ஒருவர் அன்று உடனிருந்திருந்தால் கதவருகிலேயே உன்னைத் தடுத்திருப்பார். இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர் யார் என்பதை யோசித்துப் பார். சிரித்தபடியே முடிவு செய்திருப்பார்.

இந்தக் கடிதத்துடன் புதிய தட்டுகள் வருகின்றன. ஓட்டுநரிடம் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். "கோவில் கலசம் மாதிரி பிடிக்கிறேன் சார்" என்றார். அப்படிப் பிடிக்க வேண்டாம், சொன்னபடி பிடித்தால் போதும் என்றேன்.

விளக்கை அணை. அணைத்தால் மட்டும் போதாது. உன் கை பழக்கத்தில் போட்டுவிடும். இணைப்பையே கழற்றச் சொல். குளிரூட்டியை அறுவை நாளில் ஓடுவதுபோல் ஓடவிடு. அறுவையின்போது இருக்கும் அத்தனை பேரும் உள்ளே இருந்து, நடந்து, கதவைத் திறந்து மூட வேண்டும். குளிர்காற்று இறங்கும் ஒவ்வொரு துவாரத்தின் நேர் கீழும் ஒரு தட்டு. ஒரு தட்டைத் திறக்கவே கூடாது. திறக்காததில் ஏதாவது வளர்ந்தால் தட்டுகளே கெட்டவை என்று பொருள்.

மாப்பிள்ளையிடம் சொல். காற்றில் எல்லைக்கல் நட முடியாது. அதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அண்ணன்

~

ஜூன் 23

அண்ணா,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். இரண்டு நாள் தட்டுகளைத் தொடவே இல்லை. நீங்கள் அனுப்பிய பெட்டி ஓய்வறை அலமாரியில் இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. வேறு யாராவது திறந்துவிடுவார்களோ என்று பயம். நானே திறந்துவிடுவேனோ என்றும் பயம்.

சனிக்கிழமை திறந்தேன். விளக்கின் இணைப்பைக் கழற்றியாயிற்று. நீங்கள் சொன்னது சரிதான். தட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது என் கை தானாகச் சுவருக்குப் போனது. சுவிட்ச் தட்டியது. விளக்கு எரியவில்லை. கை அங்கேயே நின்றுவிட்டது.

ஆட்கள் வேண்டுமென்றீர்களே. இரண்டு செவிலியர், மயக்க மருந்து கொடுப்பவர், நான். மேசையில் படுக்க ஆள் வேண்டும் என்று தள்ளுவண்டி தள்ளுகிறவரைப் படுக்க வைத்தோம். "சிஸ்டர், எல்லாம் நடிப்புதானே? கத்தி கித்தி கையில எடுத்துடாதீங்க" என்றார். "பேசாம படுங்க. நோயாளி பேசினா கணக்கு தப்பும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார். இல்லாத காலுக்கு இல்லாத மூட்டை மாற்றினோம். கருவி எடுத்துக் கொடுத்தேன், வாங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தோம்.

மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் இருக்கிற பெண் தட்டுகளை என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திறக்காத தட்டு சுத்தம். மூலைத் தட்டுகளில் ஒன்றிரண்டு, நீங்கள் சொல்கிற தோல் சமாச்சாரம். மேசையின் தலைமாட்டுத் துவாரத்துக்குக் கீழே வைத்ததில் மட்டும் கரும்பச்சையாக, வெல்வெட்டுத் துணியைக் கத்தரித்து ஒட்டியதுபோல். எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தத் துவாரத்தின் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். ஏணியில் ஏறி நின்றுகொண்டு, "சிஸ்டர், கண்டிப்பா பாக்கணுமா? பாத்துட்டா அப்புறம் பாக்கலைன்னு சொல்ல முடியாதே" என்றார். பார்த்தோம். குழாயைச் சுற்றியிருந்த பஞ்சு நனைந்து தொங்குகிறது. விரலால் தொட்டார். விரல் கறுப்பாக வந்தது. போன மழைக்காலத்திலிருந்து மேலே ஒழுகியிருக்கிறது. கீழே நான் தரையை ஒரு நாளைக்கு நான்கு முறை துடைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா. தரையை.

தட்டை எடுத்துக்கொண்டு நேரே சிரித்த முகத்தின் அறைக்குப் போனேன். "ஜூன் ஏழு ரிப்போர்ட்தாம்மா முறைப்படி எடுத்தது. இது உங்க சொந்த ஆர்வம்" என்றார். "பஞ்சை மாத்திடுவோம், ஆகஸ்ட்ல. இப்ப மூடினா எத்தனை பேருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும், யோசிச்சீங்களா?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போது சொன்னார்: "நீங்க போட்ட கையெழுத்தை நீங்களே நம்பலைன்னா, நாங்க எதைம்மா நம்புறது?"

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. காலண்டரில் முப்பதாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். "அன்னிக்கு அப்புறம் நான் உக்காந்து சாப்பிடுவேன்" என்கிறார். இதை எப்படிச் சொல்வது? என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள். திட்டியே சொல்லுங்கள், பரவாயில்லை.

தங்கை

~

ஜூன் 24

தங்கைக்கு,

திட்டுவதற்கு நேரமில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் நியாயமான கேள்வி கேட்டு நான் பார்ப்பது இதுவே முதல் முறை. நீ போட்ட கையெழுத்தை நம்பித்தான் அந்த அரங்கு திறந்திருக்கிறது. என் அறிக்கையால் அது மூடப்படாது, என் அறிக்கையைத்தான் கருவிக் கோளாறு ஆக்கியாயிற்றே. மெக்கானிக்கின் விரலாலும் மூடப்படாது. அந்தக் கையெழுத்தை இட்டவள் எழுத்துமூலம் திரும்பப் பெற்றால் மட்டுமே மூடப்படும்.

எழுது. விளக்கு அணைக்கப்படவில்லை என்று எழுது. அறிவுரைத் தாளில் அந்த எச்சரிக்கை இல்லை என்றும், அந்தத் தாளை எழுதியது நான் என்றும் எழுது. என்னைக் காப்பாற்றும் எண்ணத்தில் அதை விட்டுவிட்டால், ஜாடிக் கதை இரண்டாம் முறை நடக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். அதை இம்முறை நான் அனுமதிக்க மாட்டேன். புதிய தட்டுகளின் படத்தை இணை. நிர்வாக அதிகாரிக்கு ஒரு பிரதி மட்டும் கொடுத்தால் அது அவர் இழுப்பறைக்குள் போய்விடும். எலும்பு டாக்டரின் கையில் ஒன்றை நேரடியாகக் கொடு. கத்தியைப் பிடிக்கிறவர் அவர்.

இதற்குப் பிறகு உன்னை அந்த அரங்கில் வைத்திருக்க மாட்டார்கள். உனக்கும் தெரியும். தெரியாததுபோல் உன்னை ஆறுதல்படுத்தப் போவதில்லை.

மாப்பிள்ளையிடம் இன்றே சொல். அவருடைய இடுப்பு, அவருக்குத் தெரிய வேண்டும். உன் அரங்கின் மானத்துக்கு அவர் எலும்பு பிணை நிற்க முடியாது. அவர் உன் மேல் கோபப்பட மாட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு உனக்குத் தோன்றும்.

இன்னொன்று. முப்பதாம் தேதியையே நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். நாளையும் நாளை மறுநாளும் அந்த மேசையில் யாரோ படுக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வகத்தில் மச்சான் யாரும் கிடையாது.

அண்ணன்

~

ஜூன் 27

அண்ணா,

எழுதிவிட்டேன். பேனாவில்.

நேற்றுக் காலை எலும்பு டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது கொடுத்தேன். ஈரக் கையோடு வாங்காமல், "புடிச்சுக் காட்டுங்க" என்றார். முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்தார். குழாயை மூடினார். "நோயாளியை வார்டுக்கு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒருவரும் அங்கே அறுவை செய்யவில்லை. அரங்கைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். சிரித்த முகம் சிரிக்காமல் இருந்து முதல்முறையாகப் பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாவிட்டால் வேறு எதுவுமே இல்லை. எனக்கு விடுப்பு. எவ்வளவு நாள் என்று தாளில் எழுதியிருக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். காலண்டரில் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு, "அளவை தப்புன்னு தெரிஞ்சா கல்லைப் பிடுங்கித்தானே ஆகணும்" என்றார். அன்று சாப்பிடும்போது நாற்காலியில் உட்கார முயற்சி செய்தார். எனக்காக. முடியவில்லை.

எலும்பு டாக்டருக்குத் தெரிந்த இன்னொருவர் வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அங்கே முப்பதாம் தேதி காலையே இடம் கிடைத்துவிட்டது. நாளை கிளம்புகிறோம். பெயரையும் வார்டையும் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நான் யாருக்கும் சிஸ்டர் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் இருந்தே பழகியவளுக்கு இந்தப் பக்கம் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

இனி எழுதாதீர்கள். மாதிரி வண்டி அந்த ஊருக்கு வராது.

தங்கை

~

வெளிநோயாளர் கூடம், கீழ்த்தளம்,
ஜூன் 29

தங்கைக்கு,

உன் மீது எனக்குள்ள குறைகளில் சில தீராமல் நிற்கின்றன. தேதிவாரியாக:

1. ஜூன் 26. பேனாவால் எழுதிய உன் கடிதத்தின் பிரதி இன்று காலை எனக்குக் கிடைத்தது. அறிவுரைத் தாளில் எச்சரிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதியது யார் என்று எழுதவில்லை. ஜாடிக் கதையை அனுமதிக்க மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன். விடுபட்டதை என் கையெழுத்தோடு நிர்வாக அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன்.

2. ஜூன் 27. எழுத வேண்டாம் என்று எழுதினாய்.

3. ஜூன் 28. தெரிந்த ஒரு அறையிலிருந்து மாப்பிள்ளையைத் தெரியாத ஒரு அறைக்குக் கொண்டுவந்திருக்கிறாய். தெரிந்த அறையில் எந்தத் துவாரம் ஒழுகுகிறது என்பதாவது நமக்குத் தெரியும்.

வண்டி இந்த ஊருக்கு வராது என்பது உண்மை. ஆகவே பேருந்தில் வந்தேன். நீ இருக்கும் வார்டுக்கு நேர் கீழே, மருந்து வாங்குமிடத்துக்கு எதிரே உள்ள நாற்காலியில் அமர்ந்து இதை எழுதுகிறேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சொல்லிவிட்டார். மடியில் இருக்கும் தட்டுப் பெட்டியைக் காட்டி, "சாப்பாடா?" என்று கேட்டார். கிருமிகளுக்கு, என்றேன். அதன் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை. மேல்மாடிக்குத் தேநீர் எடுத்துப்போகும் அம்மாள் இதை உன்னிடம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இங்கே எல்லாம் பளபளவென்றிருக்கிறது. தரை முகம் தெரிகிற அளவுக்கு மின்னுகிறது. நான் வந்ததிலிருந்து கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. நாலு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். பழைய கறையாக இருக்கலாம். காய்ந்தும் இருக்கலாம். கையெட்டவில்லை.

நான் தட்டு வைக்க இவர்கள் அனுமதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அனுமதித்தாலும் திட்டு வளர நாட்கள் ஆகும். நாளை காலை வைக்கும் தட்டு பேசத் தொடங்கும்போது மாப்பிள்ளையின் தையல் காயத் தொடங்கியிருக்கும். காற்றைப் பற்றி நமக்குத் தெரியவரும்போது, அதை எல்லோரும் சுவாசித்து முடித்திருப்பார்கள். இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்துவிட்டு இதை இன்று, இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்க முடியவில்லை.

ஆனால் கேட்க முடியும். நீ நோயாளியின் மனைவி. கேட்பது உன் உரிமை. அவர்கள் முகம் சுளிப்பார்கள், நீ சுளித்ததுபோல். கேள்:

அந்த அரங்கின் காற்றில் கடைசியாக மாதிரி எடுத்தது எப்போது? அறை காலியாக இருந்தபோதா, ஆட்கள் இருந்தபோதா? தட்டு வைத்தவர் யார்? அவர் ஆய்வகத்தைச் சேர்ந்தவரா? விளக்கு அணைந்திருந்ததா? எதுவும் வளரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அங்கேயே நின்று மறுபடி கேள். ஒன்றிரண்டு திட்டு வந்தது என்று யாராவது சலிப்போடு சொன்னால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல். அந்தக் கையில் மாப்பிள்ளையை ஒப்படைக்கலாம்.

இவற்றுக்குப் பதில் இல்லை என்றால், காலண்டரில் வட்டத்தை இன்னொரு தேதிக்கு மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் நானே பேசுவேன். அவர் நிற்பார். நின்றே சாப்பிடுவார். நானும் அவரோடு நின்று சாப்பிடுகிறேன்.

நாளை காலை ஆறு மணிக்கு அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள் என்று தேநீர் அம்மாள் சொன்னார். அதற்கு முன், ஐந்தரை மணிக்குள், உன் பதில் என் கைக்கு வந்தாக வேண்டும். இறங்கி வந்து வாயால் சொல்லாதே. நீ அழுதால் நான் கேள்விகளை மறந்துவிடுவேன். எழுத்தில் வேண்டும். பேனாவோ பென்சிலோ, எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தத் தாளின் பின்பக்கத்தை அதற்காகவே எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அண்ணன்